காவிரிப் படுகையிலிருந்து பொறியியல் படிக்கச் செல்வோருக்கு: பிரிவைத் தேர்ந்தெடுப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்திற்கும் மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய ஜூன் 12ஆம் தேதிக்கும் இடையில், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வீடுகளில் இரண்டு பேச்சுகள் சேர்ந்தே நடக்கின்றன. குறுவை நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா என்பது ஒன்று. பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது மற்றொன்று. மின் பொறியியல் ஆசிரியராக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், மன்னார்குடிப் பக்கத்தில் ஒவ்வொரு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுக் காலத்திலும் மாணவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய விருப்பப் பட்டியலை நிரப்ப உதவி வருகிறேன். அங்கு பெற்றோரும் பிள்ளைகளும் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளையே இங்குத் தொகுத்திருக்கிறேன்.

இப்போதைக்கு எந்தப் பிரிவு நல்ல பிரிவு?

என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் இதுதான். இதில் உள்ள "இப்போதைக்கு" என்ற சொல்தான் சிக்கல். இன்று சேரும் மாணவர் வேலை தேடி வெளியே வருவது நான்கு ஆண்டுகள் கழித்து. நான் பணியில் சேர்ந்த காலத்தில் மின்னணுப் பொறியியலில் இடம் கிடைக்காதவர்கள் கண்ணீர் விட்டார்கள். பின்னர் இயந்திரப் பொறியியல் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. இன்று கணினி சார்ந்த பிரிவுகள் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணித்துச் சேர்ந்தவர்களைவிட, எந்த வகை வேலையைச் சலிக்காமல் செய்ய முடியும் என்று தன்னை அறிந்து சேர்ந்தவர்களே நிலைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பிரிவின் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பிரிவில் படித்தவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். வெயிலில் நின்று அளவெடுப்பாரா, திரையின் முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பிழை தேடுவாரா, இரவுப் பணியில் கொதிகலனைக் கவனிப்பாரா என்பது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு அண்ணா பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள பாடத்திட்டத்தைத் திறந்து, மூன்றாவது, நான்காவது பருவங்களின் பாடத் தலைப்புகளைப் படியுங்கள். முதல் ஆண்டுப் பாடங்கள் பெரும்பாலும் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மகன் கணினிப் பொறியியல் மட்டும்தான் வேண்டும் என்கிறான். சேர்க்கலாமா?

ஆர்வம் உண்மையானதாக இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் கைப்பேசியை நன்றாகக் கையாள்வதும் கணினி அறிவியலும் வெவ்வேறானவை என்பதை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்தப் பிரிவின் உள்ளே இருப்பது தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம், தனிநிலைக் கணிதம், கணிமைக் கோட்பாடு ஆகியவை. இவற்றில் பெரும்பகுதி கணிதத்தின் மறு உருவம். பிளஸ் டூவில் கணிதக் கணக்கு ஒன்று விடை தராமல் இழுத்தடித்தபோது அதை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இது ஏற்ற படிப்பு. விடைக் குறிப்பைப் புரட்டி மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டிலேயே பாரமாகிவிடும்.

பெயர்களின் குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று பல பெயர்கள் பட்டியலில் வரும். இவற்றின் அடிப்படைப் பாடங்களில் பெரும்பகுதி ஒன்றே. கடைசி மூன்று பருவங்களில்தான் வேறுபாடு கூடுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பி.இ. பட்டமாகவும் தகவல் தொழில்நுட்பம் பி.டெக். பட்டமாகவும் வழங்கப்படுகின்றன, மதிப்பில் இரண்டும் சமம். புதிய பெயர் என்பதற்காக ஓடாதீர்கள், பழைய பெயர் என்பதற்காக ஒதுக்காதீர்கள். புதிய பிரிவைத் தொடங்கிய கல்லூரியில் அதைக் கற்பிக்க அந்தத் துறையில் படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்பதை மட்டும் விசாரியுங்கள்.

மென்பொருள் வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் போக வேண்டும் என்ற நிலை சற்றே மாறி வருகிறது. திருச்சி நவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இயங்குகிறது. தஞ்சாவூரில் 2024இல் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஆனாலும் ஊரிலேயே வேலை என்ற ஒரே எண்ணத்தில் இந்தப் பிரிவை எடுப்பது இன்னும் சரியான கணக்கு ஆகாது. பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் எல்லாப் பிரிவு மாணவர்களையும் வளாகத் தேர்வில் எடுக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிவில் படித்தால் மேஸ்திரி வேலைதான் என்கிறார்களே?

இந்தக் கேள்வி காவிரிப் படுகையில் எழுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நாம் உண்ணும் சோறே சிவில் எனப்படும் கட்டடப் பொறியியலின் விளைவு. ஆழம் காண முடியாத மணற்படுகையில் கல்லணை எப்படி நிற்கிறது என்பதை 1830களில் ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், இளகிய மணலில் அடித்தளம் போடும் முறையை அதைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தைக் கொண்டுதான் 1836இல் திருச்சி அருகே முக்கொம்பில் மேலணை எழுந்தது. கல்லணைக் கால்வாயும் மேட்டூர் அணையும் 1934இல் பயன்பாட்டுக்கு வந்தன.

அந்த வேலை முடிந்துபோன ஒன்றும் அன்று. 2018 ஆகஸ்டில் முக்கொம்பின் கொள்ளிடம் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அருகிலேயே புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. 180 ஆண்டுப் பழைய கட்டுமானம் எப்போது தளரும் என்று கணிப்பது, ஆற்று மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழும்போது அடித்தளத்திற்கு என்ன நேரும் என்று அளப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத வாய்க்காலின் வாட்டத்தை மட்டக் கருவி வைத்துத் திருத்துவது, வேதாரண்யம் பக்கத்தில் நிலத்தடிக்குள் ஏறிவரும் உப்புநீரைத் தடுப்பது ஆகியவை அனைத்தும் இந்தப் படிப்பின் கேள்விகளே. களிமண் கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் வீட்டுச் சுவரைப் பிளக்கிறதே, அதற்கான விடை மண் இயக்கவியல் பாடத்தில் இருக்கிறது.

வேலை என்று பார்த்தால், நீர்வளத் துறை, பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் உதவிப் பொறியாளர் பதவிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. தனியார் துறையில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் பணியிடத்தில் தூசியோடும் வெயிலோடும் கழியும். அதை மறைத்து நான் யாரையும் சேரச் சொல்வதில்லை. கணிதத்தில் தேர்ச்சியும் வெளியில் நின்று வேலை செய்யும் மனமும் உள்ள பிள்ளைக்கு இது வாழ்நாள் முழுவதும் வளரும் துறை.

மின் பொறியியலா, மின்னணுவியலா? வேறுபாடு என்ன?

மின்சாரத்தை ஆற்றலாகக் கையாள்வது மின் பொறியியல். அதையே செய்தியாகக் கையாள்வது மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியல். முதலாவதில் மின்மாற்றி, மோட்டார், மின்கடத்தல், பாதுகாப்பு ரிலே போன்றவை வரும். இரண்டாவதில் சிப் வடிவமைப்பு, அலைவாங்கி, கைப்பேசி வலையமைப்பு ஆகியவை வரும். இரண்டிலும் கணிதம் கடினம். இரண்டிலிருந்தும் மென்பொருள் பக்கம் போக வழி உண்டு.

என் துறை என்பதால் சற்றுக் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் பகுதியில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மோட்டார் ஓடாததால் குடிநீருக்கு வழியில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியப் பணியாளர்கள் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டதைப் பார்த்த என் மாணவர்களில் சிலர், அதுவரை வெறும் பாடமாகப் படித்த மின்பகிர்மானத்தை அதன் பிறகு வேறு கண்ணோடு படித்தார்கள். புயலைத் தாங்கும் மின்பாதை, புதைவடம், சூரிய ஆற்றலில் ஓடும் பம்புசெட் ஆகியவை நம் கடற்கரைக்கு இன்னும் நெடுங்காலம் தேவைப்படும்.

இயந்திரப் பொறியியலுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. திருச்சியில் பொதுத்துறை நிறுவனமான பெல்லின் கொதிகலன் ஆலையும், துவாக்குடியில் அதைச் சுற்றி வளர்ந்த உலோகக் கட்டமைப்புப் பட்டறைகளும், பொன்மலை இரயில்வே பணிமனையும் நமக்குப் பக்கத்திலேயே உள்ளன. பொன்மலைப் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது என்பதும் 1928இல்தான் திருச்சிக்கு மாறியது என்பதும் இன்று பலருக்குத் தெரியாது. உற்பத்தித் துறையில் முதல் வேலை பெரும்பாலும் சென்னை, ஓசூர், கோவைப் பக்கம்தான் கிடைக்கும் என்பதற்கு மனம் ஒப்ப வேண்டும்.

விவசாயக் குடும்பம் நாங்கள். வேளாண்மையோடு ஒட்டிய பொறியியல் இருக்கிறதா?

மூன்று படிப்புகள் இருக்கின்றன. மூன்றுமே நம் மாவட்டங்களில் அவற்றுக்கு உரிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் கருத்து.

முதலாவது வேளாண் பொறியியல். இதை பி.எஸ்சி. வேளாண்மையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பயிர், பூச்சி, உரம் பற்றிய படிப்பு பி.எஸ்சி.; பாசனம், வடிகால், பண்ணை இயந்திரம், அறுவடைக்குப் பிந்தைய செய்நேர்த்தி பற்றிய படிப்பு பொறியியல். வேலையும் வேறு வேறு: வேளாண் அலுவலர் பதவிக்கு முன்னது, வேளாண் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் பதவிக்குப் பின்னது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திருச்சி அருகே குமுளூரில் இதற்கென்றே ஒரு கல்லூரி நடத்துகிறது. அதன் சேர்க்கை பொறியியல் கலந்தாய்வில் வராது, தனியே விண்ணப்பிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சில கல்லூரிகளிலும் பி.இ. வேளாண் பொறியியல் உண்டு. அது பொறியியல் கலந்தாய்வில் வரும்.

இரண்டாவது உணவுத் தொழில்நுட்பம். குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டால் நேரடிக் கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்து முளைவிடுவதும், கொள்முதலுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி நாம் மத்தியக் குழுவுக்காகக் காத்திருப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. இந்த ஈர நெல் சிக்கலுக்காகவே 1967இல் திருவாரூரில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம்தான் பின்னர் தஞ்சாவூருக்கு மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆயிற்று. அங்கு பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். நம் வாசலிலேயே இருந்தும், அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்த பிறகே பல பெற்றோர் இதைப் பற்றிக் கேட்க வருகிறார்கள்.

மூன்றாவது மீன்வளப் பொறியியல். நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் படகு, துறைமுகம், இறால் பண்ணை, குளிர்பதனம் ஆகியவற்றைச் சார்ந்த இந்தப் பட்டப்படிப்பு நடக்கிறது. இதற்கும் சேர்க்கை தனி. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெட்ரோலியம் படித்தால் இங்கேயே எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைக்குமா?

அப்படி எண்ணிச் சேர வேண்டாம். காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் பல ஆண்டுகளாக இயங்கி வந்தாலும், 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை இங்கே தடுக்கிறது. மண்ணைக் காக்க அந்தச் சட்டம் தேவை என்பதே என் நிலைப்பாடு. இந்தத் துறையில் உண்மையான விருப்பம் இருந்தால் வேதிப் பொறியியல் படிப்பது கதவுகளை அகலத் திறந்து வைக்கும்.

கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

கணித மதிப்பெண் 100க்கு அப்படியே, இயற்பியல், வேதியியல் இரண்டும் 50க்குக் குறைக்கப்படும், கூடுதல் 200. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44, அதாவது 178. பிளஸ் டூ பொதுப் பாடப்பிரிவில் கணிதம் எடுக்காதவர்கள் இந்தக் கலந்தாய்வில் பங்கேற்க முடியாது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கு ஜே.இ.இ. மெயின் மட்டுமே வழி. ஆனால் அங்குள்ள இடங்களில் பாதி தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதால், நன்றாகப் படிக்கும் பிள்ளை அந்தத் தேர்வை எழுதாமல் விடக் கூடாது.

நல்ல கல்லூரியில் பிடிக்காத பிரிவா, சுமாரான கல்லூரியில் பிடித்த பிரிவா?

இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் கல்லூரிக்கே முதலிடம் கொடுங்கள். இடைவெளி சிறிது என்றால் பிரிவுக்கு. ஆசிரியர், ஆய்வகம், உடன் படிக்கும் மாணவர் ஆகிய மூன்றும் சரியாக அமைந்த இடத்தில் இரண்டாவது விருப்பமான பிரிவிலும் பிள்ளை வளரும். பாடம் நடத்த ஆளில்லாத கல்லூரியில் முதல் விருப்பமான பிரிவும் கசந்துவிடும். ஆனால் "பிடிக்காத" என்பது வெறுப்பாக இருந்தால், எவ்வளவு பெரிய கல்லூரியானாலும் அங்கே தள்ளாதீர்கள்.

கல்லூரியை எப்படி அறிவது என்பதில் பெற்றோர் பெரும்பாலும் பேருந்தின் நிறத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பார்த்து ஏமாறுகிறார்கள். முந்தைய ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணில், எந்தச் சுற்றில் முடிந்தது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் பருவத் தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக வழங்கப்படுவதில்லை, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே வழங்கப்படுகிறது. ஆகவே உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு வேலை நாளில் முன்னறிவிப்பின்றிப் போய் ஆய்வகத்தில் மாணவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். என் உறவினர் மகள் சேர்ந்த ஒரு கல்லூரியின் விளம்பரத்தில் வேலை பெற்றோர் பட்டியல் நீளமாக இருந்தது; சேர்ந்த பிறகுதான், ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் மூன்று பேராக எண்ணியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எத்தனை மாணவர்கள், எத்தனை பேர் உண்மையில் பணியில் சேர்ந்தார்கள் என்று இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

தமிழ் வழியில் படித்தவர் சமாளிக்க முடியுமா?

முடியும். முதல் பருவம் மட்டும் கடினமாக இருக்கும். என் வகுப்பில் வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர், முதல் இரண்டு மாதங்கள் கேள்வி புரிந்தும் விடையை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் தவித்தார். தினமும் பத்துத் துறைச் சொற்களைப் பொருளோடு எழுதி வைக்கச் சொன்னேன்; மூன்றாம் பருவத்தில் அவர்தான் மற்றவர்களுக்கு மின்சுற்றுக் கோட்பாட்டை விளக்கினார். புரிந்துகொள்ளும் திறனுக்கு மொழி தடையாவதில்லை. எழுதப் பழகச் சிறிது காலம் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. பள்ளி முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு.

பெண் பிள்ளைக்கு சிவில், மெக்கானிக்கல் சரிப்படுமா?

சரிப்படும். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1988இலேயே பெண்களுக்கென்று ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்ட மண் இது. பணியிடத்துக்குப் போய்வரும் வழியும் கழிப்பறை வசதியும் இன்னும் பல இடங்களில் குறைவாக இருப்பது உண்மை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் நிறுவனத்தினர்; அதற்காகப் பெண்ணின் விருப்பத்தை மாற்றச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

செலவுக்கு என்ன வழி?

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அதன் வழி சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஏப்ரலிலேயே கேட்டு வையுங்கள், ஜூனில் கூட்டம் தாங்காது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இருக்கின்றன. முன்னது, மயிலாடுதுறையை அடுத்த மூவலூரின் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அமைந்த உயர்கல்வி உறுதித் திட்டம். வங்கிக் கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் இல்லாமல் பெற இயலும்.

நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மா (ஒரு மா என்பது ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு) நிலத்தை விற்றுச் சேர்த்த பிள்ளை, ஓர் அரியர் வந்ததையும் வீட்டில் சொல்லப் பயந்து மனம் உடைந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மதிப்பெண் குறைவு. பாலிடெக்னிக் சேரலாமா?

சேரலாம். பட்டயப் படிப்பை முடித்தவர்கள் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரத் தனிக் கலந்தாய்வு உண்டு. கைவேலை பழகி வரும் இந்த மாணவர்கள் ஆய்வகத்தில் மற்றவர்களை முந்துவதை ஆண்டுதோறும் பார்த்தேன்.

விருப்பப் பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது? பிறகு மாற்ற முடியுமா?

எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் பதியலாம், வரிசைதான் முக்கியம். கிடைக்குமா என்று அஞ்சி முதல் விருப்பத்தைக் கீழே இறக்காதீர்கள், ஏனெனில் மேலே உள்ளது கிடைக்காவிட்டால் மட்டுமே அடுத்தது பார்க்கப்படும். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, அதை ஏற்றுக்கொண்டே மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. கல்லூரியில் சேர்ந்த பின் பிரிவு மாறுவது அரிது.

ஒரு முறை நீடாமங்கலத்திலிருந்து வந்த மாணவியின் பட்டியலில் அவர் கேள்விப்பட்டிராத கல்லூரி முதலிடத்தில் இருந்தது. விண்ணப்பம் நிரப்பித் தருவதாகச் சொன்ன இடைத்தரகர் செய்த வேலை அது. பட்டியலை இறுதி செய்து பூட்டுவதற்கு முந்தைய நாள் என்பதால் திருத்த முடிந்தது. உள்நுழையும் கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடும் மாணவரிடம் மட்டுமே இருக்கட்டும். பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒரு தாளில் அச்செடுத்து, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் மாணவரே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் குரல் தயங்குகிறதோ, அந்த வரியை மீண்டும் பேசுங்கள்.